சாய்ந்த சக்கரங்கள்

காரைதீவின் ஊடாகச் செல்லும் கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் விரையும் காரொன்றைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துப் பாருங்கள்; வண்டியோ வீதியோர மின்கம்பமோ சற்றே சாய்ந்து தெரியக்கூடும்.

இச்சாய்வுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. பிரான்சில் நடந்த கார்ப் பந்தயமொன்றில், ஜாக் ஆன்றி லார்த்தீக் என்னும் இளைஞர், ஓடும் காரின் போக்கிலேயே கமராவைத் திருப்பிப் படமெடுத்தார். 1912ஆம் ஆண்டினது என நெடுங்காலம் குறிக்கப்பட்ட அப்படம் 1913இல் எடுக்கப்பட்டதென்பது பிற்கால ஆய்வு. கமராவினுள் நகர்ந்த ஒடுங்கிய பிளவு, கண்ணாடித் தகட்டின் மீது ஒளியைப் பகுதி பகுதியாகவே விழவிட்டது. அதற்குள் கார் முந்திவிட, சக்கரம் முன்னே சாய்ந்தது. கமரா திரும்பியதால் பார்வையாளர் பின்னே சாய்ந்தனர். 1963இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. கருவியின் குறையே வேகத்தின் அழகாகக் கொண்டாடப்பட்டது.

இன்றைய கைத்தொலைபேசியும் படத்தை வரிவரியாகவே பதிகிறது. பத்திரிகையாளன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: சாய்வின் அளவு வேகத்தின் அளவன்று. விபத்துக்குள்ளான வண்டியையோ உதிரிப்பாகத்தையோ பதிவுக்காகப் படமெடுப்போர், கடல்மேல் எழும் காலை இளவெயிலில், கமராவை அசைக்காது நேருக்கு நேர் எடுக்கட்டும்; அருகே ஓர் அடிமட்டமும் வைக்கட்டும். அழகுக்குச் சாய்வு பொருந்தும், சாட்சியத்துக்குப் பொருந்தாது.