கண்ணாடி நகரமும் அங்கிரியாவும்: கூட்டுப் புனைவுலகு ஒன்றின் சமூக அடிப்படை

பலர் ஒன்றுகூடிக் கற்பனை நாடொன்றை அமைத்து, அதற்கு நிலப்படமும் அரச பரம்பரையும் போர்களும் வகுத்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அதனுள்ளே வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு அண்மைக் காலத்துக்குரியதென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. 1974 இல் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அதன் தொடக்கமாகக் காட்டப்படுவதுண்டு. விதிகளை அச்சிட்டுச் சந்தைக்குக் கொணர்ந்தமையைக் கருதின் இது பொருந்தும். ஆயின், அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள ஹாவேர்த் என்னும் ஊரில், பத்து வயதுக்கு மேற்படாத நான்கு பிள்ளைகள் இத்தகைய உலகொன்றைத் தொடக்கி இருபது ஆண்டுகள் வரை பேணினர். அவர்களுள் சார்லற், எமிலி, ஆன் என்னும் புறொன்ரி சகோதரியர் மூவரும் பின்னர் நாவலாசிரியராகப் புகழெய்தினர். இதனால் அவ்வுலகின் ஏடுகள் மேதைமையின் முன்னறிகுறிகளாக நோக்கப்பட்டனவேயன்றிக் கூட்டுழைப்பின் பெறுபேறாக நோக்கப்பட்டமை குறைவு. ஈண்டு நாம் அவற்றைப் பின்னைய நோக்கிலேயே அணுக முனைகின்றோம்.

1826 ஆம் ஆண்டு யூன் மாதம், மதகுருவான தந்தை பற்றிக் புறொன்ரி லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிறன்வெலுக்குப் பன்னிரு மரப் போர்வீரரைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயரிட்டனர். சார்லற்றின் வீரன் வெலிங்ரன். பிறன்வெலின் வீரன் நெப்போலியன். இப்பன்னிருவரும் ஆபிரிக்கக் கரையில் இறங்கி 'கண்ணாடி நகரம்' என்னும் குடியேற்றத்தை நிறுவினர் என்பது கதை. நால்வரும் அந்நாட்டைக் காக்கும் பூதங்களாகத் தம்மையும் கதையுட் புகுத்தினர். பூதங்களுக்கு இறந்தோரை எழுப்பும் வல்லமை உண்டு என்பது விதி. தாய் 1821 இலும் மூத்த சகோதரியர் இருவர் 1825 இலும் இறந்துபோன வீட்டில் ஆக்கப்பட்ட விதி இது.

கற்பனை என்பது ஒன்றுமில்லாமையிலிருந்து தோன்றுவதன்று. இப்பிள்ளைகளின் மூலப்பொருள்கள் அராபிய இரவுக் கதைகள், கோல்ட்சிமித்தின் புவியியற் பாடநூல், 'பிளாக்வூட்ஸ்' சஞ்சிகை ஆகியன. 1824 சனவரியில் அசாந்திப் படை பிரித்தானியப் படையொன்றை முறியடித்தது. அதில் ஆளுநர் மக்கார்த்தி கொல்லப்பட்டார். 1826 யூன் மாத 'பிளாக்வூட்ஸ்' இதழில், ஆபிரிக்காவின் உட்பகுதியிற் பிரித்தானிய வணிகம் காலூன்ற வேண்டுமென வற்புறுத்தும் ஜேம்ஸ் மக்குவீனின் கட்டுரை நிலப்படத்தோடு வெளியாயிற்று. கண்ணாடி நகரம் எழுந்தது அதே கரையிலே. அதன் பகைவரும் அசாந்தி மக்களே. ஏகாதிபத்தியத்தின் செய்தித்தாள் அறிவு பிள்ளைகளின் விளையாட்டறையில் இயற்கை நியதியாகிவிட்டது. சிறுவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று, அது நகைப்புக்கிடமானதுமாகும். கருத்துநிலை எங்ஙனம் தொழிற்படுகின்றதென்பதே எமது வினா. தோற்ற அசாந்தி அரசனின் மைந்தன் குவாஷியா வெற்றியாளரின் வளர்ப்பு மகனாகின்றான். வளர்ந்து கிளர்ச்சி செய்கின்றான். அடக்கப்பட்டும் மீண்டும் மீண்டும் படையோடு வருகின்றான். வெற்றி கொண்ட மக்களைக் கதையிலிருந்து அகற்ற அதனைப் படைத்தோராலும் இயலவில்லை.

வீட்டு வாயிலுக்கு வெளியிலிருந்த உலகும் உட்புகாமலில்லை. ஹாவேர்த் கம்பளித் தொழிலாளர் நிறைந்த ஊர். 1850 இல் பபேஜ் அளித்த சுகாதார அறிக்கையின்படி அங்கு இறந்தோரின் சராசரி வயது 25.8 ஆண்டுகளே. 1834 இல் கண்ணாடி நகரக் கூட்டமைப்பின் கிழக்கே அங்கிரியா என்னும் புதிய அரசு படைக்கப்பட்டபோது, கம்பளி ஆலையால் உயர்ந்த எட்வர்ட் பேர்சி அதன் அரசியலில் இடம்பெறுகின்றான். அரச குமாரரின் நாட்டிலே ஆலை முதலாளி அமைச்சனாகின்றான்!

கூட்டாக ஆக்கப்பட்ட உலகின் மீது உரிமை யாருக்கு என்பதே இவ்வேடுகளில் எம்மை மிகவும் ஈர்க்கும் பிரச்சினை. 1831 இல் சார்லற் பாடசாலைக்குச் சென்றதும், மூத்தோரின் ஆணைக்குட்பட்டிருந்த எமிலியும் ஆனும் பிரிந்து சென்று பசுபிக் சமுத்திரத்திலே 'கொண்டல்' என்னும் தமது தீவை அமைத்தனர். குடும்பத்துப் புவியியல் நூலின் இடப்பெயர்களிடையே அத்தீவின் பெயரையும் ஆன் எழுதிச் சேர்த்தாள். அங்கிரியாவிலோ மோதல் வேறு வகையினது. சார்லற்றின் நாயகன் சமோர்னா. அவன் மனைவி மேரி, பிறன்வெலின் நாயகனான நோதாங்கர்லாந்தின் மகள். சார்லற் ஆசிரியப் பணியிலே தொலைவில் இருந்த 1836 இல், வீட்டிலிருந்த பிறன்வெல் உள்நாட்டுப் போரைத் தொடக்கி மேரியைச் சாகவிட்டான். பாடசாலையிற் பணியின் சலிப்பிடையே, மேரி உண்மையாகவே கொல்லப்பட்டாளோ எனக் கவன்று குறிப்பெழுதினாள் சார்லற். பின்னர் அம்மரணம் பொய்யென ஒரு கதை எழுதி அவளை மீட்டுக்கொண்டாள். ஒருவர் பாத்திரத்தை மற்றொருவர் கொல்லலாமா என்பது இன்று கணினிவழி கூடி விளையாடுவோரும் வழக்காடும் விடயமே. எழுத ஓய்வு உடையவனிடம் போரும் சாவும் இருந்தன. கூலிக்குக் கற்பித்தவளிடம் திருத்தும் வாய்ப்பு மட்டுமே இருந்தது.

1845 இல் எமிலியும் ஆனும் புகைவண்டியில் யோர்க் நகருக்குப் பயணமாயினர். இருபத்தைந்து வயதை எட்டிய அவ்விருவரும் வழி நெடுகக் கொண்டல் தீவின் பாத்திரங்களாகவே நடித்துச் சென்றனர். அடுத்த மாதம் ஒரே நாளில் இருவரும் தனித்தனியே குறிப்பு எழுதினர். கொண்டல் முன்போலவே செழித்திருக்கின்றது என்கின்றாள் எமிலி. விளையாடும் நிலையில் அது நன்றாக இல்லை என்கின்றாள் ஆன். வீட்டுப் பணியாசிரியையாக ஐந்தாண்டுகள் அந்நியர் வீட்டில் உழைத்து மீண்டிருந்தவள் ஆன் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதைகளைச் சார்லற் கண்டெடுத்தாள். 1846 இல் அவை நூலுருப் பெற்றபோது கொண்டலின் பெயர்கள் நீக்கப்பட்டன. சிறைப்பட்ட கதைமாந்தரின் குரல் எமிலியின் ஆன்மக் குரலாக வாசிக்கப்படலாயிற்று. தனிமையான மேட்டுநிலத்துத் தனி மேதை என்னும் படிமம் 1857 இல் கஸ்கெல் அம்மையார் எழுதிய சார்லற்றின் வாழ்க்கை வரலாற்றோடு உறுதிபெற்றது. 1941 இல் ஃபனி றச்ஃபோட் இளமை ஏடுகளை விரிவாக ஆராயும் வரை அவை ஓரங்கட்டப்பட்டே கிடந்தன. 1975 இல் ரெறி ஈகிள்ரன் எழுதிய மார்க்சிய ஆய்வும் நாவல்களையே மையமாகக் கொண்டது. அந்நூலுக்குக் கடமைப்பட்டுள்ள நாம் இக்குறையையும் சுட்டவேண்டியுள்ளது. கொண்டலின் உரைநடை ஏடுகளோ முற்றாக அழிந்துபோயின.

எஞ்சியவற்றுள் மர வீரரின் கைக்கேற்ற அளவில், தீப்பெட்டியினும் சிறிதாகத் தைக்கப்பட்ட சஞ்சிகைகள் உள. 1829 சனவரியில் அவற்றைத் தொடங்கியவன் பிறன்வெல். சில மாதங்களின் பின்னரே சார்லற் பொறுப்பேற்றாள். 1830 ஆம் ஆண்டு இதழொன்று 2019 இல் பாரிஸ் ஏலத்திற் சார்லற்றின் பெயரிலே வந்தது. ஹாவேர்த் அரும்பொருளகம் அதனை 6,00,000 யூரோவுக்கு வாங்கிற்று.