அடங்கலில் இல்லாதவர்கள்

வில்லாபுரத்தில் இன்று வயலைத் தேடத்தான் வேண்டும். கண்மாய் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பாகி வெகுகாலமாயிற்று. கண்மாய் போனால் ஆயக்கட்டும் போகும். நிலத்துக்காரர் விற்றதற்குப் பத்திரம் இருக்கும். அதே நிலத்தில் வாரத்துக்கும் குத்தகைக்கும் பாடுபட்டவன் எங்கே போனான் என்பதற்குக் காகிதம் இராது. நம் விவசாய சரித்திரம் காகிதம் உள்ளவர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டுவிட்டது என்று எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தில் 1908இல் ஒரு சட்டம் வந்தது. கேட்கிறவர்களுக்குத் தோட்டத் துண்டு ஒதுக்குவது உள்ளூர் சபைகளின் கடமை என்றது அது. ஒரு துண்டின் வழக்கமான அளவு 10 ராடு, நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அதில் உருளைக்கிழங்கு போட்ட தொழிலாளிக்கு நிலம் சொந்தமில்லை. ஆனாலும் குத்தகைதாரன் என்று சபையின் ஏட்டில் அவன் பெயர் இருந்தது. நான் பொருட்படுத்துவது இந்த ஒன்றைத்தான்.

இங்கே 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இஷ்டப்படி வெளியேற்றக் கூடாது என்றது. சரி, தான் குத்தகைதாரன் என்று அவன் எப்படி நிரூபிப்பான்? குத்தகையோ பெரும்பாலும் வாய்ப்பேச்சு. பதினான்கு வருஷம் கழித்து, 1969இல், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்றே இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பதிவு செய்யப் போகிறவன் அடுத்த போகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிலத்துக்காரர் முகம் கோணினால் நிலமில்லை. சட்டம் அவன் பக்கம் இருந்தும் அவன் வாய் திறக்காததற்கு அறியாமையைக் காரணம் சொல்வது நம் படிப்பாளிகளின் சௌகரியம்.

1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. தரகு இல்லை, தராசுக்கு வாடகை இல்லை, விலை பலகையில். வியாபாரி உள்ளே நுழையாதிருக்க, நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். சந்தையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காய் விலையோடு நின்றுவிட்டது. என் கவனம் அந்த அட்டையில் நிற்கிறது. பட்டா யார் நிலம் என்று கேட்கும். அட்டை யார் விளைவித்தது என்றும் கேட்டது. கீரை விற்கிறவளின் முகம் அரசாங்கக் காகிதத்தில் விளைவிப்பவளாக ஏறுவது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்தச் சரிபார்ப்பும் நிலக் காகிதத்தில்தான் தொடங்குகிறது. வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரி மறுபடியும் நிலத்துக்காரரின் வாயைப் பார்க்க வேண்டும். இன்று மாடித் தோட்டத்துக்கு மானியத்தில் பையும் விதையும் கிடைக்கின்றன. நல்லதுதான், மாடி உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு விதைக்கு முன்னால் வேண்டியிருப்பது ஏட்டில் ஒரு வரி.