குகையிலிருந்து வந்த சொல்

போன வாரம் ஒரு ராத்திரி, மகள் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, க்ரோடெஸ்க்னா என்ன?" லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "அவலட்சணம், விகாரம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அகராதியோடு திரும்பி வந்தாள். "மனுஷ உடம்பும் மிருக உடம்பும் கலந்த உருவம்னும் போட்டிருக்கே. அப்போ நம்ம மணக்குள விநாயகர்?"

என்னிடம் பதில் இல்லை. புதுச்சேரியில் வளர்ந்த எனக்கு அந்தப் பிள்ளையாரைப் பார்த்து ஒருநாளும் "விகாரம்"னு தோன்றியதில்லை. சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு தோண்டினேன். தோண்டினேன் என்பது இங்கே பொருத்தமான வார்த்தைதான்.

கி.பி. 64இல் ரோம் நகரம் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் நீரோ மன்னன் 'தோமுஸ் ஔரேயா' என்ற பொன் மாளிகையைக் கட்டினான். (அதே நூற்றாண்டில் ரோமானிய உலகின் மது ஜாடிகள் நம்ம அரிக்கமேட்டுக்கும் வந்து இறங்கின, 1945இல் வீலர் அகழ்ந்தபோது அவற்றின் உடைசல்கள் கிடைத்தன.) 68இல் நீரோ செத்தான். பின்னால் வந்தவர்கள் மாளிகையின் அறைகளை மண்ணால் நிரப்பி, மேலே வேறு கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள்.

1480 வாக்கில் அந்த மேட்டில் ஒரு துளை கண்டுபிடிக்கப்பட்டது. ஓவியர்கள் உள்ளே இறங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், சுவரெல்லாம் சித்திரம். கொடியின் நுனியில் பாதி மனிதன் முளைக்கிறான். இலை சுருண்டு மிருகத் தலையாகிறது. நாணல் போன்ற தண்டு ஒரு கூரையையே தாங்கி நிற்கிறது. மண்ணுக்கடியில் இருந்ததால் அதைக் குகை என்றே சொன்னார்கள். இத்தாலிய மொழியில் குகைக்கு 'க்ரோத்தா'. அந்தக் குகை பாணிக்கு 'க்ரொத்தெஸ்கா' என்று பெயர் வந்தது.

ஆக, சொல் பிறந்தபோது அதில் அசிங்கம் எதுவும் இல்லை. ரஃபேலே அந்த பாணியில் மயங்கி, 1510களில் போப்பின் வாடிகன் அரண்மனைச் சுவர்களில் தன் குழுவை வைத்து வரைய வைத்தார். இன்னொரு விஷயம்: க்ரோத்தாவின் மூலம் 'மறைவானது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆபீசில் தினமும் நான் உச்சரிக்கிற 'என்கிரிப்ஷன்' அதே வேரிலிருந்து வந்தது. இரண்டும் பங்காளிகள்!

பிறகு எப்படி இது வசவாக மாறியது? நீரோவுக்கும் முன்பே, விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இந்த மாதிரி ஓவியங்களைத் திட்டி எழுதியிருக்கிறார். இயற்கையில் இல்லாததை வரையக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிதான் கடைசியில் ஜெயித்தது என்று நினைக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல், மெல்ல மெல்ல 'கலந்தது' என்பதிலிருந்து 'கோணலானது', 'அருவருப்பானது' என்று இறங்கியது. பிரெஞ்சில் அது சிரிப்புப் பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா, கரண்ட் பில்லைப் பார்த்து "செ க்ரொத்தெஸ்க்!" என்பார். கேலிக்கூத்து என்று அர்த்தம்.

இதே கண்தான் இங்கேயும் வந்தது. 1510இல் ரோமில் அச்சான தன் பயண நூலில், கோழிக்கோட்டில் பார்த்த தெய்வ உருவத்தை நான்கு கொம்பும் பெரிய வாயும் உள்ள பிசாசு என்று எழுதினார் வர்தேமா. அதை வைத்து ஐரோப்பாவில் படமும் போட்டார்கள். நம்ம சாமி அவர்களுக்குப் பிசாசாகத் தெரிந்ததற்குக் காரணம் சிலையில் இல்லை. அந்த உருவத்தின் இலக்கணம் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இலக்கணம் என்றதும் நான் மகளுக்குச் சொன்ன 'விகாரம்' ஞாபகம் வந்தது. வடமொழியில் அதன் முதல் பொருள் 'மாற்றம்'. நன்னூல் அதை அப்படித்தான் ஆள்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம். வாழைப்பழத்தில் 'ப்' தோன்றுகிறது, பொற்குடத்தில் 'ன்' திரிகிறது, மரவேரில் 'ம்' கெடுகிறது. வாழைப்பழம் என்ற சொல்லை யாராவது அசிங்கம் என்போமா? இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் நடக்கிற மாற்றம் அது. பிள்ளையாரின் கழுத்திலும் இரண்டு உருவங்கள் சேர்கின்றன. சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் நமக்கு அங்கே ஒட்டுத் தெரிவதில்லை.

அன்றைக்கு அவசரத்தில் வாயில் வந்த சொல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அர்த்தம் தெரியாமல் சொன்னது மட்டும்தான் என் தப்பு.

மறுநாள் மகளிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "இவ்ளோ எழுதினா மிஸ் மார்க் போட மாட்டாங்கப்பா" என்றவள், நோட்டில் 'விகாரம்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். 'அவலட்சணம்' என்பதை அடித்துவிட்டிருந்தாள்.