கடன் பத்திரமும் கலெக்டர் நிக்கல்சனும்

ஜவ்வாது மலையில், தொலைநோக்கிக்குப் பேர்போன காவலூர்ப் பக்கம் சாமை விதைப்பவர்களுக்கு ‘லேம்ப்’ சொசைட்டி தெரியும். பழங்குடியினருக்கென்று ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம் அது. இந்தக் கூட்டுறவு ஏற்பாட்டின் தொடக்கத்தைத் தேடிப்போனால் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் போய் நிற்போம்: ஃபிரடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846–1936).

ருமேனியாவில் இயோன் இயோனெஸ்கு என்று ஒருவர் இருந்தார். 1848 புரட்சியில் குடியானவர் பக்கம் நின்று, நாட்டை விட்டுப் போய், திரும்பி வந்து மாவட்டம் மாவட்டமாக உழவுக் கணக்கை எழுதியவர். நிக்கல்சன் புரட்சிக்காரர் அல்ல, கிஸ்தி வசூலிக்கும் சர்க்காரின் ஆள். ஆனாலும் 1887-இல் வந்த அவருடைய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடும் அதே ஜாதிப் புத்தகம்தான்.

கோயம்புத்தூர் இருக்கும் கொங்கு நாட்டில் அந்தக் காலத்தில் கிணறு வெட்டுவதென்றால் பாறையோடு மல்லுக்கட்டு. தண்ணீர் வருமா வராதா என்று தெரியும் முன்பே கடன் பத்திரத்தில் கைநாட்டு விழுந்துவிடும். வந்தாலும் கவலை இறைக்க இரண்டு மாடு, வடம், தோல் பறி என்று செலவு நிற்காது. மழை தவறினால் கிணறும் நிலமும் வட்டிக்காரர் கைக்குப் போகும்.

1892-இல் சென்னை அரசு, விவசாய வங்கி வைக்கலாமா என்று ஆராயும் பொறுப்பை நிக்கல்சனிடம் கொடுத்தது. மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். அந்தக் காலத்து 45 கோடி! 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களே வழி என்றார்: ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவன் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. நம்மூரில் ஏற்கெனவே இருந்த ‘நிதி’ என்ற சேமிப்புச் சங்கங்களையும் அவர் கவனிக்காமல் விடவில்லை. எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊர் முழுக்கப் பொறுப்பு என்றால், அந்த ஊரில் சேரிக்காரனுக்கு யார் பொறுப்பேற்பார்?

சென்னை அரசு அறிக்கையை உடனே கையில் எடுக்கவில்லை. 1901 பஞ்சக் கமிஷனில் நிக்கல்சனும் ஓர் உறுப்பினர். சங்க யோசனை அங்கே மறுபடி தலைதூக்கியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் கிராமச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பிறந்தன.

நிக்கல்சன் பிறகு கடல் பக்கம் திரும்பினார். மாகாணத்தின் மீன்வளத் துறையைத் தொடங்கும் வேலை அவர் தலையில் விழுந்தது.