பாட்டி காலத்து தையல் மிஷின் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறப் பூ வேலைப்பாடு, கீழே இரும்புக் கால், மிதித்தால் 'கடகட' சத்தம். தையல் மிஷின் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது இதுதான். அதன் பெடலில் உட்கார்ந்து 'பஸ்' ஓட்டி, பாட்டியிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. வீடு மாறும்போது, "இதை யாரு தூக்குறது?" என்று எடைக்குப் போட்டுவிட்டோம். இப்போது அதே மாதிரி ஒன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும்போதுதான், எதைத் தூக்கிக் கொடுத்தோம் என்று புரிகிறது. உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், இந்த விஷயங்களைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

தைக்கவா, அழகுக்கா?

முதலில் இதை முடிவு பண்ணுங்கள். ஹாலில் அழகுக்கு வைக்க என்றால் ஓடாத மிஷின்கூடப் போதும். பூ வேலைப்பாடு அழியாமல், மரப்பலகை நன்றாக இருந்தால் சரி. தைப்பதற்கு என்றால் தோற்றம் இரண்டாம் பட்சம்தான். உள்ளே இருக்கும் பாகங்களும், அவற்றுக்கு ஸ்பேர் கிடைக்குமா என்பதும்தான் முக்கியம்.

எங்கே தேடலாம்?

சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் இருந்தே ஆரம்பியுங்கள். அடுத்து, ஊரில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் கடைகள். யார் வீட்டில் பழைய மிஷின் சும்மா கிடக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், சென்னை பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தை ஆகியவற்றிலும் ஒரு ரவுண்டு போகலாம். ஆன்லைனில் பார்த்தால், மிஷின் ஓடும் வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வயசைச் சொல்லும் நம்பர்

"இது நூத்தம்பது வருஷ மிஷின் சார்!" என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். நம்பரைப் பாருங்கள். பழைய சிங்கர் மிஷின்களில், வீல் இருக்கும் பக்கத்தில், அடித்தளத்தின் மேல் சீரியல் நம்பர் பொறித்திருக்கும். எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், பெரும்பாலும் 1900-க்கு முந்தையது. 'ஒய்' என்ற ஒற்றை எழுத்தில் ஆரம்பித்தால் 1920-கள், 30-களில் செய்தது. 'இ' வரிசை இரட்டை எழுத்துகள் என்றால் 1930-களின் மத்திக்குப் பிறகு வந்தது.

இவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தவை. 1980-ல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் ஞாபகமாக, அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றே பெயர். 1913-ல் மட்டும் அங்கிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமான மிஷின்கள் வெளியே போயின. அதனால், பழசு என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது. பேரம் பேசும்போது இதை மறக்காதீர்கள்.

கையோடு துணி, நூல் கொண்டு போங்க

* வீலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும்படி மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பல நேரம் காய்ந்துபோன எண்ணெய்தான் காரணம். சுற்றும்போது ஒரே இடத்தில் 'டக்'கென்று முட்டி நின்றால் யோசியுங்கள்.
* வீல் சுற்றியும் ஊசி அசையவில்லையா? வீலின் நடுவில் உள்ள திருகு தளர்ந்திருக்கலாம். அதை இறுக்கிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.
* அடியில் இருக்கும் தகட்டைத் திறந்து பாபினைப் பாருங்கள். வட்ட பாபின் போடும் '15' மாடல் என்றால் நிம்மதி. அதன் ஊசியும் பாபினும் இன்றும் எளிதாகக் கிடைக்கும். நம் ஊர் உஷாவின் கறுப்பு மிஷினும் இதே வகைதான். நீளமான பாபினும் தோட்டா வடிவ ஷட்டிலும் இருந்தால், ஷட்டில் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்திருந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.
* இரும்பில் விரிசல், பலகையில் கரையான் இருந்தால் வேண்டாம். தோல் பெல்ட் அறுந்திருந்தால் கவலை இல்லை, மாற்றிவிடலாம்.
* கடைசியாக, நீங்கள் கொண்டுபோன துணியில் நான்கு வரி தைத்துப் பாருங்கள்.

'ரெட் மெர்குரி' கதையை நம்பாதீங்க

2009-ல் சவுதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மிஷினுக்குள் 'ரெட் மெர்குரி' என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறதாம், ஊசிக்குப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுபோனால் சிக்னல் போய்விடுமாம்! இதை நம்பி லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். உண்மையில் உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும் மட்டும்தான். இந்தக் கதையைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால், நடையைக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு...

தலையையும் ஸ்டாண்டையும் தனித்தனியாகக் கழற்றி ஏற்றுங்கள். தலை மட்டுமே 10 கிலோவைத் தாண்டும். தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தங்கப் பூக்கள் போயே போச்சு. மெல்லிய துணியும் மிஷின் ஆயிலும் போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால், அது நாளடைவில் பிசினாகி மிஷினையே இறுக்கிவிடும்.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே, 1924-ல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். மனிதர்கள் கண்டுபிடித்த உபயோகமான சில பொருள்களில் இதுவும் ஒன்று என்பது அவர் கருத்து.

கடைக்குக் கிளம்பும் முன், ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு போன் போட்டு, "ஆச்சி, அந்த மிஷின் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம். நீங்கள் விடாதீர்கள்!