பழியும் பேரேடும்

கோபயாஷி மசாகி 1962-இல் எடுத்த படத்தின் ஜப்பானியப் பெயர் 'செப்புக்கு'. வெளிநாடுகளுக்கு அது 'ஹராகிரி' என்ற பெயரில் போயிற்று. இரண்டும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவதைக் குறிக்கும் சொற்கள்தாம். ஒரே இரண்டு எழுத்துகளை முன்பின்னாக மாற்றிப்போட்டால் ஒன்று மற்றதாகிவிடும். ஆனால் முதலாவது சடங்கின், சாசனத்தின் சொல். இரண்டாவது வாய்ப்பேச்சின் சொல். சாசனத்தில் எழுதப்படுவதற்கும் வாயால் சொல்லப்படுவதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே படத்தின் உண்மையான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபிலிம் சொசைட்டிகளில் இப்படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் கடைசிக் காட்சியின் வாள் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். படம் ஒரு நாட்குறிப்பில் தொடங்கி அதே நாட்குறிப்பில் முடிகிறது என்பதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

கதை 1630-இல் நடக்கிறது. எடோ நகரில் ஈயி குலத்தின் மாளிகைக்கு ட்ஸுகுமோ ஹன்ஷிரோ என்ற வேலையற்ற சாமுராய் வருகிறான். வறுமையில் வாழ்வதைவிடச் சாவது மேல். உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் தாருங்கள் என்று கேட்கிறான். சில மாதங்களுக்கு முன் மொதொமே என்ற இளைஞன் இதே வேண்டுகோளோடு வந்தவன்தான். இப்படிக் கேட்பவர்களுக்குச் சில மாளிகைகளில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் உண்டாகியிருந்தது. ஈயி குலம் அவனை அனுப்பவில்லை. சொன்னபடி செய் என்றது. வாளின் இரும்பை முன்பே விற்றுவிட்டவன் அவன். உறையில் இருந்தது மூங்கில் பட்டை. அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள்ளும்படி அவனை நிர்ப்பந்தித்தார்கள். ஹன்ஷிரோ அவனுடைய மாமனார். மருந்துக்குப் பணமின்றி மகளும் பேரக்குழந்தையும் மொதொமேயைத் தொடர்ந்து மாண்டுபோனார்கள். குடை செய்து பிழைத்த கிழவனிடம் மீந்திருப்பது சொல்வதற்கு ஒரு கதையும் ஒரு வாளும். (கிழவனாக நடித்த நகதாய் தட்சுயாவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறைவடையவில்லை.)

ஹன்ஷிரோவின் வறுமைக்கு ஒரு தேதி உண்டு. 1600-இல் செகிகஹாராப் போரில் தொக்குகவா வம்சம் வென்றது. 1615-இல் ஒஸாகா வீழ்ந்தது. அதே ஆண்டு பிறப்பித்த சட்டத்தில் பிரபுக்கள் அனுமதியின்றிக் கோட்டைகளைப் பழுதுபார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி வெள்ளத்தில் சேதமான கோட்டையை அனுமதியில்லாமல் செப்பனிட்டதாகக் குற்றம் சாட்டி, 1619-இல் அவருடைய நாட்டைப் பறித்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் கொகு அரிசி வருமானம் 45,000 கொகுவாகச் சுருங்கியது. பிரபு விழுந்ததும் அவரை நம்பியிருந்த வீரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஹன்ஷிரோ கற்பனைப் பாத்திரம். அவனை உண்டாக்கிய உத்தரவு கற்பனையல்ல.

இனிப் பழிவாங்குதல். அந்த ஜப்பானில் பழிக்கும் முறை இருந்தது. கொலையுண்டவருக்காகப் பழிதீர்க்கும் உரிமை இளையவருக்கே: தந்தைக்காக மகன், அண்ணனுக்காகத் தம்பி. மகனுக்காகத் தந்தை பழிதீர்ப்பதை முறை ஏற்கவில்லை. நாளடைவில் இது முழு நிர்வாக நடைமுறையாகவே ஆயிற்று. பிரபுவிடம் அனுமதி பெற்று, அதிகாரிகளிடம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, பிறகுதான் பகைவனைத் தேடிப் போகலாம். 1873-இல் மேஜி அரசு இதைச் சட்டவிரோதமாக்கியது.

கதை நடக்கும் அதே 1630-இல் ஒகயாமாவில் வதனபே கெந்தாயூ என்ற இளைஞன் கொலையானான். அவனுடைய அண்ணன் கஸுமாவுக்குத் தம்பிக்காகப் பழிதீர்க்க முறைப்படி உரிமையில்லை. ஆனால் அந்தப் பிரபுவே கொலைகாரனைக் கொல்லவேண்டுமென்று விரும்பி, அந்த விருப்பத்தோடு இறந்தார். எனவே 1634-இல் இகா உவேனோவின் தெருமுனையில் அக்காள் கணவன் அரகி மதாயெமோனின் துணையோடு கஸுமா பழிதீர்த்தபோது, அது எஜமானின் ஆணையை நிறைவேற்றிய செயலாகவும் ஆகிவிட்டது. ஜப்பானின் மூன்று பெரும் பழிதீர்ப்புகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். ஹன்ஷிரோவுக்கு எஜமான் இல்லை. இறந்தவன் இளையவன், அதுவும் மருமகன். எந்த ஏட்டிலும் அவனுடைய பழிக்குப் பத்தி கிடையாது.

ஆகவே அவன் வேறுவகையில் பழி வாங்குகிறான். தன் தலையை வெட்ட மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கேட்கிறான். மூவரும் உடல்நலமில்லை என்று வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் தன் கதையைச் சொல்லுகிறான். சொல்லி முடித்து, மூன்று குடுமிகளை எடுத்து மணலில் வீசுகிறான். அந்த மூவரையும் அவன் கொல்லவில்லை. குடுமியை அறுத்து உயிரோடு விட்டிருக்கிறான். சாமுராய்க்குச் சாவைவிடப் பெரிய அவமானம் அது. மொதொமே ஓரிரு நாள் தவணை கேட்டதற்கு வீரனின் சொல் என்று உபதேசம் செய்தவர்கள், மயிர் வளரும்வரை நோயென்று சொல்லி வீட்டில் படுத்திருக்கிறார்கள்.

தமிழில் 'பழி' என்ற சொல்லுக்குப் பகைமீட்சி என்றும் பொருள். நிந்தை, இழுக்கு என்றும் பொருள். ஹன்ஷிரோ செய்வதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அவன் கேட்பது உயிரை அன்று, இழுக்கை ஒப்புக்கொள்வதை. மொதொமேயின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது, தவணை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அந்த வீட்டின் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். காரியஸ்தன் ஸைதோ அதைச் சொல்வதில்லை. சொன்னால் அது வீட்டின் சொல்லாகிவிடும்.

ஹன்ஷிரோவைத் தூய வீரனாக வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். மருமகனின் பிணத்தோடு மூங்கில் வாளைக் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான், அவன் மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் இரும்பை விற்றிருக்கிறான் என்பது இவனுக்குத் தெரிகிறது. அப்போது தன் வாளைப் பார்க்கிறான். அதை விற்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஈயி குலத்தின் பொய் அவனுடைய இடுப்பிலும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஒரு காட்சி இல்லாவிட்டால் படம் நல்லவன் கெட்டவன் கதையாகச் சரிந்திருக்கும்.

திரைக்கதையாசிரியர் ஹஷிமோதோ ஷினோபு, குரோஸவாவோடு சேர்ந்து 'ரஷோமோன்' (1950) எழுதியவர். அதில் சாட்சியங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. உண்மை எது என்பது கேள்வி. இங்கே உண்மையில் சந்தேகமே இல்லை. முற்றத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைக் கேட்கிறார்கள். எழுதுகிறவன் எவன் என்பதே கேள்வி. முன்னதை நவீனம் என்று கொண்டாடும் நம் விமர்சகர்களுக்குப் பின்னது எளிமையாகத் தெரியலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் அதிகப் பயமளிக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அதில் போட்டு அன்றைய ஏட்டை நேராக்கிவிடலாம். பிறகு விசாரித்து உரிய இடத்தில் சேர்க்கவேண்டும் என்பது விதி. ஈயி குலத்தின் நாட்குறிப்பில் 'நோய்' அப்படிப்பட்ட தலைப்பு. பிறகு விசாரிப்பதுதான் இல்லை. ஹன்ஷிரோவால் கொல்லப்பட்ட நால்வர், குடுமி போனதால் வயிற்றைக் கிழித்துக்கொண்ட ஒருவன், கிழித்துக்கொள்ளும்படி உத்தரவிடப்பட்ட மற்ற இருவர் ஆகிய எல்லோரும் நோயால் இறந்தார்கள். துப்பாக்கிகளால் சுடப்பட்ட ஹன்ஷிரோ தன் விருப்பப்படி சடங்கை முடித்தவனாக ஏட்டில் ஏறுகிறான்.

இதைத் திரைக்கதையின் சாமர்த்தியம் என்று ஒதுக்கமுடியாது. படத்தின் ஈயி குலம் ஹிகோனேயை ஆண்ட உண்மையான ஈ குலத்தின் பெயரைத் தாங்கியது. 1860 மார்ச் 24-ஆம் தேதி, பனி பெய்துகொண்டிருந்த காலையில், அக்குலத்தின் தலைவரும் ஷோகுன் அரசின் முதன்மை அமைச்சருமான ஈ நவோஸுகே எடோ கோட்டையின் ஸகுரதா வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டார். தலையையும் கொண்டுபோனார்கள். நகரமே அறிந்த சாவு. ஆனால் தலைவன் இப்படி இறந்தால் குலத்தின் உரிமை பறிபோகலாம். எனவே அவர் காயத்தோடு உயிருடன் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அரசுக்கும் அது வசதியாயிருந்தது. பல நாட்கள் கழித்தே இறந்ததாக ஏற்றுக்கொண்டார்கள். கோதொகுஜி கோயிலிலுள்ள அவர் கல்லறையில் பொறித்த தேதியும் உண்மையான நாளுக்குப் பிந்தியதுதான்.

கோபயாஷிக்கு ஏடுகளைப் பற்றித் தெரியும். 1942-இல் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு மஞ்சூரியா சென்றவர், பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். மேலதிகாரிகளின் ஆணைக்காகச் சிறையிலிருக்கும் கீழ்நிலைப் போர்க்குற்றவாளிகளைப் பற்றி 1953-இல் அவர் எடுத்த படத்தை, ஸ்டுடியோ 1956 வரை வெளியிடவில்லை. 1983-இல் தோக்கியோ விசாரணையைப் பற்றி நாலரை மணி நேரத்துக்கும் மேலான ஆவணப்படத்தை அமெரிக்க அரசின் காப்பகச் சுருள்களிலிருந்தே உருவாக்கினார். அதிகாரத்தின் ஏட்டை அதற்கு எதிராகவே படிக்கமுடியும் என்று நம்பியவர் அவர்.

'செப்புக்கு' அந்த நம்பிக்கையை மலிவாகத் தருவதில்லை. சண்டையின்போது ஹன்ஷிரோ, குலமுன்னோரின் கவசத்தைத் தூக்கி உடைக்கிறான். உள்ளே யாரும் இல்லை என்பதை நாம் பார்க்கிறோம். ஆனால் அதை மறுபடி பூட்டி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். முற்றத்தின் இரத்தம் கழுவப்படுகிறது. வேலைக்காரன் ஒருவன் மணலில் கிடக்கும் குடுமியைப் பார்க்கிறான். நடந்ததற்கு மீந்திருக்கும் கடைசிச் சாட்சி அது. எடுத்து வாளியில் போட்டுக்கொள்கிறான். பிறகு நாட்குறிப்பின் குரல் தொடங்குகிறது.