தாடை வலி: ஒரு கருதுகோளின் நீண்ட ஆயுள்

1934ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை முன்வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். காதடைப்பு, இரைச்சல், தலைசுற்றல், தலைவலி ஆகியவற்றின் மூலத்தை அவர் தாடை மூட்டில் கண்டார். கடைவாய்ப் பற்களை இழந்தவரின் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது. அதனால் தாடை எலும்பின் முனை நகர்ந்து அருகிலுள்ள நரம்பை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். எனவே பற்களின் உயரத்தைச் சீராக்குவதே மருந்தாயிற்று.

அத்தகைய அழுத்தத்திற்கு உடற்கூற்றில் இடமில்லை என்று 1948இல் ஹாரி சிக்கர் மறுத்தார். விளக்கம் வீழ்ந்தது, ஆனால் அந்த வலி பல் மருத்துவத்தின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது.

1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் கவனத்தை மூட்டிலிருந்து தசைகளுக்குத் திருப்பினார். 1960களின் பிற்பகுதியில் சியாட்டிலைச் சேர்ந்த பெர்னார்ட் ஜாங்கெல்சன், மெல்லிய மின்துடிப்புகளால் தாடைத் தசைகளைத் தளர்த்தி, அந்நிலையில் தாடை நிற்கும் இடத்திற்கேற்பக் கடிப்பொருத்தத்தை அமைக்கும் முறையை முன்னெடுத்தார். நரம்புத்தசைப் பல் மருத்துவம் இவ்வாறு உருவானது. காஸ்டனின் நரம்பழுத்தம் இதில் இல்லை. ஆயினும் பற்கள் பொருந்தும் விதமே வலிக்குக் காரணம் என்னும் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படையை 1976இல் குட்மன், கிரீன், லாஸ்கின் ஆகியோர் சோதித்தனர். 25 நோயாளிகளுக்குப் பற்களைச் செதுக்குவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டது. கடிப்பொருத்தம் மாறவில்லை, ஆயினும் 16 பேர் வலி முற்றிலுமாகவோ பெரும்பாலுமோ நீங்கியதாகக் கூறினர். வலி பொய் என்பது இதன் பொருளன்று. நோயாளி குணமடைந்தார் என்பதாலேயே சிகிச்சையின் கோட்பாடு மெய்யாகிவிடாது என்பதே இதன் பொருள்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. செதுக்கப்பட்ட பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை. எனவேதான் 1982இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கூட்டிய மாநாடு, பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய சிகிச்சைகளுக்கே முதலிடம் தந்தது. 2020இல் வெளியான அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, இதனைப் பல்வகைக் கோளாறுகளின் தொகுதியாகவே கண்டது. பல் மருத்துவமும் பொது மருத்துவமும் பிரிந்து நிற்பதால் நோயாளிகள் அலைக்கழிக்கப்படுவதையும் சுட்டியது. காஸ்டன் காலத்தில் ஒரு துறையிலிருந்து மறுதுறைக்குக் கைமாறிய இவ்வலியை, இரு துறைகளும் சேர்ந்து ஏற்க வேண்டிய கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.